நாலு சக்கரமும் ஒரு மடியும்

என் வீட்டுக்காரர் ஜெயபாண்டி கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் ஒரு டம்ளரைக்கூடக் கழுவி வைத்ததில்லை. அப்பேர்ப்பட்ட மனுசன் போன கார்த்திகையில் ஒரு வண்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் அதன் இடுக்கிலெல்லாம் சேறு எடுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில், அந்த பிரஷ் என்னுடையது என்பதையே கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன்.

வண்டி என்றால் நீங்கள் நினைக்கிற வண்டி இல்லை. மோட்டார் சைக்கிள் மாதிரி கைப்பிடி, கார் மாதிரி நாலு சக்கரம், நடுவில் காலை அகட்டி உட்கார ஒரு சீட். ஏடிவி என்று பேராம். மலையடிவாரத்தில் பட்டணத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து வட்டமடித்துக்கொண்டிருந்த ஒரு சவாரிப் பூங்காவை இழுத்து மூடிவிட்டார்கள். அங்கே ஷெட்டில் கோழி அடைந்துகொண்டிருந்த இதை இவர் குட்டியானை லாரியில் ஏற்றி உசிலம்பட்டிக்குக் கொண்டுவந்துவிட்டார். ரோட்டில் ஓட்டக் கூடாத வண்டி. எதுக்கு என்று கேட்டால், "தோட்டத்துக்குப் போக" என்றார். எங்கள் தோட்டம் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் வந்துவிடும்.

விஷயம் அதுவல்ல. விஷயம் ஒரு காதுகுத்து.

எங்கள் பக்கம் பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்காரவைக்க வேண்டும். தாய்மாமன் ஒருத்தராக இருந்தால் பிரச்சினை இல்லை. என் நாத்தனார் தாமரைச்செல்விக்கு இரண்டு அண்ணன்கள். மூத்தவர் தங்கப்பாண்டி, இளையவர் என் வீட்டுக்காரர். தாமரையின் முதல் இரண்டு பிள்ளைகளுக்கும் மூத்தவர்தான் மடி கொடுத்தார். மூத்தவர் என்பதால் யாரும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரருக்குக் கிடைத்தது தலையைப் பிடிக்கிற வேலை.

அது என்ன வேலை என்றால், ஆசாரி ஊசியை இறக்கும்போது பிள்ளை தலையை ஆட்டிவிடக் கூடாது. அதனால் ஒருத்தர் எதிரே மண்டிபோட்டு, இரண்டு கையாலும் தலையை அழுத்திப் பிடிக்க வேண்டும். வலிக்கிற நேரத்தில் பிள்ளை பார்ப்பது அந்த முகத்தைத்தான். மடி கொடுத்தவர் முதுகைத் தடவி, "ஒண்ணுமில்லடா ராசா" என்று கொஞ்சி நல்ல பேர் வாங்கிக்கொள்வார். தலையைப் பிடித்தவரோ பிள்ளைக்குப் பரம விரோதி ஆகிவிடுவார்.

தாமரையின் மூத்த பிள்ளைகள் இரண்டு பேரும் அப்படித்தான் ஆனார்கள். இவரைக் கண்டாலே காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் ஓடினார்கள். இப்போது வளர்ந்துவிட்டார்கள், ஓடுவதில்லை. ஆனால் இவர் வாங்கிக்கொடுக்கிற பண்டத்தை வாங்கிக்கொண்டு பெரியமாமன் மடியில் போய் உட்கார்ந்து தின்பார்கள். நான் கேலி செய்வேன். இவரும் சிரிப்பார். ஒரு நாள் சிரிக்காமல், "நான் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன பாவம் பண்ணேன், நாகு?" என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் கேலி செய்வதை விட்டுவிட்டேன்.

மூன்றாவது பிள்ளை அழகம்மாள். மூன்று வயசு. அழகு என்றால்தான் திரும்புவாள். அவள் இவர் மேல் உயிராக இருந்தாள். ஒத்தக்கடைக்குத் தாமரை வீட்டுக்குப் போனால் இவர் கழுத்தில் ஏறி உட்கார்ந்தவள் நாங்கள் பஸ் ஏறுகிறவரை இறங்க மாட்டாள். தாமரைக்கு இனிப் பிள்ளை இல்லை. இந்த மடியும் போனால் இவருக்கு ஆயுசுக்கும் வேறு வாய்ப்பில்லை. இந்தத் தடவை மடி எனக்குத்தான் என்று இவர் சொன்னார். மூத்தவன் இருக்க இளையவன் உட்காருவதா என்று மூத்தவர் சொன்னார். நான் குறுக்கே போய், "ஆளுக்கு ஒரு காது வச்சுக்கங்களேன்" என்றேன். அண்ணன் தம்பி இரண்டு பேரும் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக என்னை முறைத்தார்கள்.

கடைசியில் தாமரைதான் தீர்ப்புச் சொன்னாள்.

"ரெண்டு அண்ணனும் எனக்கு ஒண்ணுதான். நம்ம கருப்பு கோயில் மலை மேல இருக்கு. எந்த அண்ணன் சீரோட முதல்ல வந்து சேருதோ, அந்த அண்ணன் மடி. இதுக்கு மேல யாரும் எங்கிட்டப் பேசப்படாது."

மழைக்காலத்தில் அந்த மலைப்பாதையில் வண்டி ஏறாது, இரண்டு பேரும் பேசாமல் சேர்ந்து நடந்து வருவார்கள், வருகிற வழியிலேயே சமாதானமாகிவிடுவார்கள் என்பது அவள் கணக்கு. அவள் புருஷன் ராணுவத்தில் இருக்கிறார். லீவு கார்த்திகையில்தான் கிடைத்தது, அதனால்தான் மழையில் காதுகுத்து. கூடப் பிறந்தவர்களை அவள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. மூத்தவர் அன்றைக்கே தன் ஜீப்பைத் துடைக்க ஆரம்பித்தார். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஜீப் அது. இவர் அடுத்த வாரம் கோழி அடைந்த வண்டியோடு வந்து இறங்கினார்.

வண்டியைச் சரிபண்ண மதுரை முனிச்சாலைப் பக்கம் ரோஷன் என்று ஒருத்தரைப் பிடித்தார். சின்ன வயசு மெக்கானிக். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, "அல்லாவே" என்றார்.

"என்ன தம்பி, ஓடுமா?" என்று இவர் கேட்டார்.

"ஓடும்ண்ணே. சேத்துல ஓடணும்னாதான் வேலை இருக்கு. முதல்ல டயரு. இது வழுக்கை. டயரு மேல துருத்துற பட்டன் ஆழமா இருக்கணும், பட்டனுக்குப் பட்டன் எடம் விட்டு இருக்கணும். அப்பத்தான் சுத்துற சுத்துல சேத்த உதறிட்டு அடுத்த பிடியப் பிடிக்கும்."

அப்படி ஆரம்பித்ததுதான். டயர் வந்தது. பெரிய டயர் மாட்டினால் உரசும் என்று சஸ்பென்ஷனில் கட்டை கொடுத்து வண்டியைத் தூக்கினார்கள். தூக்கினால் போதுமா, கல் அடிக்கும் என்று அடிவயிற்றுக்குக் கனமான இரும்புத் தகடு போட்டார்கள். முன்னால் விஞ்ச் வைத்தார்கள். அது ஒரு மோட்டார், அதில் சுற்றிய கம்பிக் கயிறு. மரத்தில் மாட்டிச் சுவிட்சைப் போட்டால் வண்டி தன்னைத் தானே மேலே இழுத்துக்கொள்ளும். ஓடையில் இறங்கினால் எஞ்சின் தண்ணியைக் குடித்துவிடும் என்று, அது மூச்சு வாங்குகிற வழியை ஒரு குழாய் வைத்துக் கைப்பிடிக்கு மேலே கொண்டுவந்தார்கள். ஆள் உட்கார்ந்தால் மூஞ்சிக்கு நேரே நிற்கும் அந்தக் குழாய். "இதுதான்ணே இதோட மூக்கு" என்று ரோஷன் தட்டிக் காட்டினார்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் இவர் வண்டியை எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரைச் சேற்றில் இறங்குவார். திரும்பி வரும்போது பல் மட்டும்தான் வெள்ளையாக இருக்கும். வந்ததும் வண்டியைக் கழுவுவார். ரோஷன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: சேற்றைக் காய விடக் கூடாது, ரேடியேட்டர் இடுக்கில் மண் இருக்கக் கூடாது, பேரிங்கில் கிரீஸ் அடிக்கணும், பிரேக்கைப் பிரித்துக் கழுவணும், காற்று வடிகட்டுகிற ஸ்பான்ஜை அலசிக் காயவைத்து எண்ணெய் தொட்டு மாட்டணும். அந்த ஸ்பான்ஜ் காய்ந்தது என் ஜாக்கெட்டுக்குப் பக்கத்தில், என் கிளிப்பை மாட்டிக்கொண்டு. எண்ணெய் இருந்தது நான் வடை சுடுகிற சட்டியில். ஒரு நாள் என் தலைவலித் தைலத்தைக் காணோம். அதையும் வண்டிக்குத் தடவிவிட்டாரோ என்று சந்தேகப்பட்டேன். நல்லவேளை, அதை அவர் இடுப்பில் தடவிக்கொண்டிருந்தார்.

மூத்தவர் ஒரு நாள் மாடு பார்க்க வந்த மாதிரி எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்களிடம் மாடு கிடையாது.

"என்னடா இது, தவளைக்கு டயர் மாட்டி வச்சிருக்க?"

"தவளைதான்ண்ணே சேத்துல போகும். உன் ஜீப்பு கல்யாண மண்டபத்துக்குத்தான் போகும்" என்றார் இவர்.

அதுவும் உண்மைதான். மூத்தவரும் ஜீப்புக்கு டயர் மாற்றியிருந்தார். அகலமாக, பளபளவென்று, வெள்ளி நிறச் சக்கரத்தோடு. ரோட்டில் நின்றால் ஊரே பார்க்கும். சேற்றைப் பார்த்து வாங்கிய டயர் இல்லை, கண்ணாடியைப் பார்த்து வாங்கிய டயர். ஜீப்பின் நெற்றியில் ஒரு பெரிய ஃபிளக்ஸும் கட்டியிருந்தார். அதில் அவர் கைகூப்பிச் சிரிக்கிறார். ஓரத்தில் ரேஷன் கார்டு போட்டோ அளவுக்கு அழகம்மாள்.

காதுகுத்து நாள் வந்தது. விடிகாலையிலேயே தாமரை குடும்பமும் சொந்தக்காரர்களும் அரிசி, பாத்திரம், தண்ணிக் கேன் எல்லாவற்றையும் தலைச்சுமையாக எடுத்துக்கொண்டு நடந்தே மேலே போய்விட்டார்கள். பத்தரைக்குள் குத்திவிட வேண்டும், அதற்கு மேல் நேரம் சரியில்லை. எட்டு மணிக்கு அடிவாரத்தில் கொட்டு அடித்தார்கள். இரண்டு வண்டியும் கிளம்பின.

எங்கள் வண்டியில் முன் கேரியரில் தண்ணி புகாத டப்பாவில் பட்டுப்பாவாடை, கொலுசு, பழத்தட்டு. பின்னால் நான். என் மடியில் சாமிக்கு நேர்ந்த கிடாக்குட்டி. தாய்மாமன் மடிக்கு இவ்வளவு சண்டை நடக்கும்போது என் மடிக்குக் கிடைத்தது இதுதான். அது போகிற வழியெல்லாம் என் முந்தானையைத் தின்றுகொண்டு வந்தது.

ஜீப் முதலில் சீறிக்கொண்டு போனது. நாங்கள் பின்னால். செம்மண் மேடு வரைக்கும் வண்டி நன்றாகத்தான் வந்தது. அதற்கப்புறம் இருமியது. ஆக்சிலேட்டரைத் திருகினால் கத்தாமல் முனகியது. மேட்டின் பாதியில் ஒரு செருமு செருமி நின்றேவிட்டது. மேலே வளைவில் திரும்பிய ஜீப்பிலிருந்து மூத்தவர் ஹாரனை அடித்துக் கையை ஆட்டினார். பின் சீட்டில் ஆசாரி வெள்ளைத் துண்டோடு உட்கார்ந்திருந்தார். போகிற வழியில் ஏற்றிக்கொண்டிருப்பார் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

இவர் இறங்கி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நெற்றிப் பட்டை வியர்வையில் கரைந்து மூக்கில் வழிகிறது. போனில் ரோஷனைப் பிடித்து ஸ்பீக்கரில் போட்டு, எடுத்த எடுப்பிலேயே சண்டைக்குப் போனார்.

"என்ன தம்பி வேலை பாத்திருக்க? பாதி மலையில படுத்துருச்சு!"

"பதறாதீங்கண்ணே. தண்ணியில இறக்குனீங்களா?"

"இல்ல."

"பெட்ரோல்?"

"ரொம்பக் கெடக்கு."

"அப்ப மூச்சுதான் வாங்கல. அந்த மேல நிக்கிற குழாய் வாயில எதுவும் அடைச்சிருக்கான்னு பாருங்க."

"அதெல்லாம் ஒண்ணும் அடைக்கல. தலைப்பா கட்டிருக்கேன், அம்புட்டுத்தான்."

"என்ன கட்டிருக்கீங்க?" என்றார் ரோஷன்.

நானும் அப்போதுதான் பார்த்தேன். எங்கள் சீரில் முன்னால் போகிறவருக்குப் பட்டுத் துண்டில் தலைப்பாகை கட்டுவது வழக்கம். சீரைச் சுமந்துகொண்டு முன்னால் போவது வண்டி. அதில் தலை மாதிரி தூக்கிக்கொண்டு நிற்பது அந்தக் குழாய். இவர் காலையில் வண்டிக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, மாலை போட்டு, மரியாதை குறையக் கூடாது என்று அந்தக் குழாயின் தலையில் புதுப் பட்டுத் துண்டை நாலு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிந்துவிட்டார்.

"அண்ணே, அது தலை இல்லண்ணே, மூக்கு" என்றார் ரோஷன். "எங்க மாமுவுக்கு நிக்காஹ்ல தலைப்பா கட்டுனோம். மூக்க மூடிக் கட்டலண்ணே."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கிடாக்குட்டி பயந்து கத்துகிற அளவுக்குச் சிரித்தேன். இவர் என்னை எரித்துவிடுகிற மாதிரி பார்த்துக்கொண்டே முடிச்சை அவிழ்த்தார். துண்டைத் தன் தலையில் கட்டிக்கொண்டார். சுவிட்சைத் தட்டியதும் வண்டி ஒரே மூச்சில் கிளம்பியது.

மேட்டைத் தாண்டினால் கரிசல் துண்டு ஒன்று வரும். மழை பெய்தால் அந்த மண் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். அங்கே போய்ப் பார்த்தால், ஜீப் நடுப்பாதையில் வயிறு வரைக்கும் புதைந்து நிற்கிறது. அந்தப் பளபள டயர் நாலும் சேற்றை அப்பிக்கொண்டு பணியாரம் மாதிரி உருண்டையாகிவிட்டன. மூத்தவர் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி கீழேதான் போனது.

பாதையில் ஒதுங்க இடமில்லை. இவர் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினார், அப்படி இறக்கினால்தான் சேற்றில் பரவி நிற்குமாம். பிறகு வண்டியைப் பக்கத்து ஓடையில் விட்டார். தண்ணி என் இடுப்பைத் தொட்டது. கிடாக்குட்டியைத் தலைமேல் தூக்கிக்கொண்டேன். குழாய் மட்டும் வெளியே நின்று மூச்சு வாங்கியது. ஜீப்பைத் தாண்டி அந்தப் பக்கம் கரை ஏறியதும் இவர் நிறுத்தி, திரும்பி, அண்ணனுக்கு ஒரு கும்பிடு போட்டார் பாருங்கள். ஃபிளக்ஸில் மூத்தவர் போட்டிருக்கிற அதே கும்பிடு. மூத்தவர் சொன்ன வார்த்தையை நான் எழுத மாட்டேன்.

கோயிலில் எங்களைப் பார்த்ததும் குலவை போட்டார்கள். "சின்னண்ணேதான்! சின்னண்ணே மடிதான்!" என்று தாமரை கை தட்டினாள். இவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பலகையில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வேட்டியை இழுத்துச் சரிபண்ணி மடியைத் தட்டிக் காட்டினார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை எங்கள் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை.

"சரி, ஆசாரியக் கூப்பிடுங்க" என்றார்.

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். ஆசாரி ஜீப்பில் இருக்கிறார். அவரைக் காலையிலேயே மூத்தவர் தன் கைவசம் பண்ணிக்கொண்டது சும்மா இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மணி ஒன்பதரை ஆகியிருந்தது. இவர் பலகையிலிருந்து எழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியைத் திருப்பினார். கிடாக்குட்டியைக் கட்டிப்போட்டுவிட்டு நானும் ஏறிக்கொண்டேன். இந்தச் சண்டையைப் பார்க்காமல் விட முடியுமா?

மூத்தவர் ஜீப் பானெட்டில் சாய்ந்து நிதானமாக வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்.

"ஆசாரியே, வந்து வண்டியில ஏறுங்க" என்றார் இவர்.

ஆசாரி சீட்டை விட்டு அசையவில்லை. "அது முறையில்லப்பா. நான் வெத்தலை பாக்கு வாங்குனது பெரியவரு கையில. அவரு கூடக் கெளம்புனேன், அவரு கூடத்தான் போய்ச் சேருவேன்."

"நீயும் வாண்ணே. நாகு நடந்து வரட்டும், நாம மூணு பேரும் போயிரலாம்."

"சீரை நடுக்காட்டுல போட்டுட்டா? எந்தத் தாய்மாமன்டா வெறுங்கையோட வருவான்?" மூத்தவர் தோலை வீசினார். "ஜீப்பு வந்தா நான் வாரேன். நான் வந்தா ஆசாரி வருவாரு. உன் தவளைக்கிட்டச் சொல்லு."

வேறு வழியில்லை. இவர் விஞ்ச் கயிற்றை இழுத்து ஜீப்பில் மாட்டினார். எங்கள் வண்டி நகராமல் இருக்கப் பின்பக்கத்தை ஒரு புளியமரத்தோடு சங்கிலியால் கட்டினார். மோட்டார் முனகியது. ஜீப் கொஞ்சம் அசைந்து மறுபடி உட்கார்ந்தது. டயருக்கு அடியில் ஏதாவது கொடுத்தால்தான் பிடிக்கும். காட்டில் என்ன இருக்கிறது? எல்லார் கண்ணும் ஒரே இடத்துக்குப் போனது.

"தொட்டீங்கன்னா வெட்டிருவேன்" என்றார் மூத்தவர்.

"அண்ணே, ஃபிளக்ஸ்தானே? உன்னையவா போடச் சொல்றேன்?"

"என் மூஞ்சிய டயருக்குக் குடுக்கச் சொல்ற!"

"குப்புறப் போட்டுக்குவோம்ண்ணே. மூஞ்சியில டயர் படாது."

"சேறு படும்ல!"

நான் நேரத்தைச் சொன்னேன். மூத்தவர் தானே போய்க் கயிற்றை அறுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஃபிளக்ஸைக் கொடுத்தார். ஆசாரியைக் கீழே இறக்கி என் பக்கத்தில் நிறுத்தினோம். மூத்தவர் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார். இவர் விஞ்சைப் போட்டுவிட்டுப் பின்னால் போய்த் தோளைக் கொடுத்துத் தள்ளினார். டயர் சுழன்றது. இவர் மேல் சேறு வாரியடித்தது. "நிப்பாட்டாத, மிதி! மிதிண்ணே!" என்று கத்திக்கொண்டே தள்ளினார். தலைப்பாகை எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. பட்டுச் சட்டை என்ன நிறம் என்று தெரியவில்லை. ஜீப் ஃபிளக்ஸைக் கவ்வி ஏறி, ஒரு குலுக்குக் குலுக்கி வெளியே வந்தது. இவர் அப்படியே குப்புற விழுந்தார்.

மூத்தவர் இறங்கி வந்து தம்பியைத் தூக்கிவிட்டார். இவர் வாயிலிருந்து மண்ணைத் துப்பிவிட்டு, "நேரமாச்சு, நீ முன்னால போ. ஆசாரி முதல்ல போய்ச் சேரட்டும்" என்றார்.

ஜீப் முன்னால் போனது, நாங்கள் பின்னால். கோயிலில் பத்து மணி தாண்டிவிட்டது. மூத்தவர் ஜீப்பிலிருந்து இறங்கியதும் தாமரை, "சின்னண்ணேதான் முன்னாடியே வந்துச்சு" என்று சண்டைக்குத் தயாராக நின்றாள். மூத்தவர் ஓரமாகப் போய் நின்றார். இவர் ஓடிவந்து பலகையில் உட்கார்ந்தார்.

"அழகு, வாடா தங்கம்."

அழகு பார்த்தாள். தலை முதல் கால் வரைக்கும் கறுப்புச் சேறு, நடுவில் இரண்டு கண். வீறிட்டாள். "பூச்சாண்டி! அம்மா, பூச்சாண்டி!" என்று தாமரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு காலை உதைத்தாள்.

"நான்தான்டா. சின்ன மாமன்டா. பாரு, குரலக் கேளு."

அவர் பேசப் பேச அவள் அலறினாள். காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். அந்தக் காட்சியை இவர் இதற்கு முன்னாலும் இரண்டு பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறார். நீட்டிய கை அப்படியே கீழே இறங்கியது. "நான் எந்திரிச்சிர்றேன், தாமரை. அண்ணன் உக்காரட்டும், பிள்ளை பயப்படுது" என்றார். அந்தப் பாழாய்ப்போன ஜீப்பைச் சேற்றிலேயே விட்டிருக்கலாம் என்று நினைத்தேன்.

சமையல்காரர்கள் தண்ணியை எல்லாம் உலையில் கொட்டிவிட்டார்கள். ஒரே ஒரு கேன் மிச்சம். மூத்தவர் போய் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். தனக்குக் கைகால் கழுவத்தான் எடுக்கிறார், கழுவிவிட்டு வந்து பலகையில் உட்காரப்போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நான் ஏதோ சொல்ல வாயைக்கூடத் திறந்துவிட்டேன்.

அவர் தம்பி தலையில் தண்ணியை ஊற்றினார்.

"குனிடா. கண்ண மூடு." தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நெற்றி, கன்னம், மூக்கு, காதுமடல் என்று அழுத்தித் தேய்த்தார். "இம்புட்டுச் சேத்தையுமாடா திம்ப?" கேன் காலியாகிறவரை தேய்த்தார். சேற்றுக்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக என் வீட்டுக்காரர் வெளியே வந்தார். தாமரையின் தோளிலிருந்து எட்டிப் பார்த்த அழகு அழுகையை நிறுத்தினாள். "சின்ன மாமா" என்றாள். இறங்கி வந்து ஈர மடியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

ஆசாரி ஊசியை எடுத்தார். "தலையைப் பிடிக்க யாராச்சும் வாங்க." யாரும் முன்வரவில்லை. அந்த வேலைக்கு எப்போதும் இருந்த ஆள் இப்போது மடி கொடுத்து உட்கார்ந்திருக்கிறார்.

மூத்தவர் வேட்டியை மடித்துக் கட்டி, பிள்ளைக்கு எதிரே மண்டிபோட்டார். இரண்டு கையாலும் அந்தச் சின்னத் தலையைப் பிடித்தார்.

"அண்ணே, நீ எதுக்குண்ணே? வேணாம்" என்றார் இவர்.

"பேசாம உக்காரு."

ஊசி இறங்கியது. அழகு கத்திய கத்தலில் கொட்டுக்காரர்களே நிறுத்திவிட்டார்கள். எதிரே தெரிந்த பெரிய மாமன் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். அடுத்த காதுக்கு இன்னொன்று. மூத்தவர் கையை எடுக்கவில்லை, முகத்தையும் திருப்பவில்லை. குத்தி முடித்ததும் அவள் திரும்பி என் வீட்டுக்காரர் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இவர் அவள் முதுகைத் தடவி, "ஒண்ணுமில்லடா ராசாத்தி, ஒண்ணுமில்ல" என்றார்.

மூத்தவர் சீர்த்தட்டிலிருந்து ஒரு லட்டை எடுத்து நீட்டினார். "பெரிய மாமன் பாரு, அழகு."

"போ!" என்று சட்டைக்குள்ளிருந்தே கத்தினாள். "நீ போ! வராத!"

லட்டை வைத்துக்கொண்டு மூத்தவர் கொஞ்ச நேரம் அப்படியே மண்டிபோட்டிருந்தார். என் வீட்டுக்காரர் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணி கொட்டியது. பெரிய மனுசன், அத்தனை பேருக்கு முன்னால், வெட்கமில்லாமல் அழுதார்.

"அண்ணே, இனிமே உன்கிட்ட வரமாட்டாளேண்ணே."

மூத்தவர் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். லட்டைத் தம்பி வாயில் திணித்தார்.

"ரெண்டு பிள்ளை கோவத்த நீ தாங்கலயாடா?" என்றார்.